தண்டாலுக்கு முன் கடலை, தண்டாலுக்குப் பின் முட்டை

மற்ற தொழில்களில் வாடிக்கையாளர் வாசலுக்கு வந்துவிட்டால் கவலை தீரும். ஆட்களை இளைக்க வைக்கும் தொழிலில் அவர் வாசலுக்கு வந்த பிறகுதான் கவலையே ஆரம்பம்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் திருச்சி பாலக்கரையில் நான் ஒரு தேகப்பயிற்சி சாலை நடத்தினேன். அதற்கு முன் அந்த இடம் புளிக் கிடங்கு. எத்தனை தடவை கழுவிவிட்டாலும் மழை நாளில் சுவரிலிருந்து புளி வாசனை வரும். தண்டால் எடுக்கக் குனிந்தவர்களுக்கு வாயில் எச்சில் ஊறும். யுத்த காலத்தில் நான் பட்டாளத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த ஹவில்தார். அங்கே குத்துச்சண்டைக்காரர்களுக்கு எடையைக் குறைக்க வேண்டி வந்தால் ரொட்டியைக் குறைப்பார்கள், முட்டையில் கை வைக்க மாட்டார்கள். பயிற்சிக்கு முன் கொஞ்சம், பயிற்சி முடிந்ததும் கொஞ்சம் என்று புரோட்டீன் உள்ளே போக வேண்டும்; போகாவிட்டால் கொழுப்புக்குப் பதில் சதை கரையும், உடம்புக்குள் எரிகிற அடுப்பு தணிந்துவிடும், பிறகு பட்டினியே கிடந்தாலும் ஆள் இளைக்க மாட்டான் என்பார் எங்கள் சுபேதார். அதை நம்பித்தான் கடையைத் திறந்தேன்.

நான் நம்பியது சரி. 'இளைக்க வேண்டுமா, சாப்பிடுங்கள்' என்று பாலக்கரை முழுவதையும் நம்ப வைப்பது வேறு விஷயம். நீங்களும் யாருக்காவது உடம்பைப் பற்றி யோசனை சொல்லிவிட்டு, 'அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?' என்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் என் கட்சி. மேலே படியுங்கள்.

கண் திறந்ததும்

முதலில் வந்த பெரிய மனிதர் இரும்புக்கடை காதர் பாய். நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்தே சேர்த்த உடம்பு. நல்ல மனிதர், யார் வந்தாலும் டீ வாங்கிக் கொடுப்பார், கூடவே தானும் குடிப்பார். 'மாஸ்டர், மாடிப்படி ஏறினா நெஞ்சு அடைக்குது' என்று வந்தார். லேசாக ஆரம்பிக்கலாம் என்று கையைப் பக்கத்துக் கம்பியில் பிடித்துக்கொண்டு பஸ்கி போடச் சொன்னேன். உட்கார்ந்து எழுந்தார், உட்கார்ந்து எழுந்தார், உட்கார்ந்தார், எழவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். அந்த உடம்பு தரையில் விழுந்த சத்தத்துக்குத் தெருவில் போனவர்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள்.

பட்டாளத்தில் குண்டடி பட்டவனைப் பார்த்திருக்கிறேன், அப்போதுகூட இவ்வளவு பயந்ததில்லை. காலைத் தூக்கிப் பெட்டி மேல் வைத்தேன், முகத்தில் தண்ணீர் தெளித்தேன். என் மனைவி அன்னம்மாள் பின்கட்டிலிருந்து உப்புப் போட்ட மோரோடு ஓடி வந்தாள். கூட வந்திருந்த அவர் மச்சானைப் பிடித்து, "காலைல என்ன சாப்பிட்டாரு?" என்றேன். "சாப்பாடா? முந்தா நாள்லேர்ந்து வெறும் தண்ணிதான். உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் எடையை எறக்கிக்கிட்டு வரணும்னாரு" என்றார் மச்சான். ஊரெல்லாம் என்ன பேசும், போலீஸ் வருமா என்றெல்லாம் மனம் ஓடிக்கொண்டிருக்கும்போது பாய் மெல்லக் கண்ணைத் திறந்தார். என் முகத்தைத் தேடிப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "மாஸ்டர், விழுந்ததுல எவ்வளவு எறங்கியிருக்கும்?"

முட்டையோடு வந்த அம்மாள்

அன்றிலிருந்து வாசலில் பலகை மாட்டினேன்: 'வெறும் வயிற்றோடு வருபவர்களுக்குப் பயிற்சி இல்லை.' உள்ளே ஒரு மண் சட்டியில் ஊறவைத்த கொண்டைக்கடலை. பயிற்சிக்கு முன் அதில் ஒரு கைப்பிடி. முடிந்ததும் அவித்த முட்டை. முட்டை சாப்பிடாதவர்களுக்குப் பச்சைப்பயறு. வீட்டுக்குப் போனால் சோறு பாதி, பருப்பும் காயும் தாராளம். இதுதான் என் சட்டம்.

அப்போதுதான் எஞ்சின் டிரைவர் வேலாயுதம் வந்து சேர்ந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. வருஷாந்தர மெடிக்கலில் டாக்டர் அவரிடம், 'அடுத்த தடவைக்குள் உடம்பைக் குறைக்காவிட்டால் எஞ்சினிலிருந்து இறக்கி ஷெட்டில் உட்கார வைக்க வேண்டியிருக்கும்' என்று சொல்லியிருந்தார். எஞ்சின் ஓட்டிய ஆளை ஷெட்டில் உட்கார வைப்பது என்றால் அது தண்டனை மாதிரி.

சேர்ந்த ஒரு வாரத்தில் அவர் மனைவி வள்ளியம்மை நேரே கிடங்குக்குள் நுழைந்தார். கையில் ஒரு அவித்த முட்டை. "மாஸ்டர், உடம்பைக் குறைக்கத்தானே இவரை அனுப்பினேன்? முட்டை குடு, கடலை குடுன்னு சொல்லியிருக்கீங்களாம். பயில்வானா ஆக்கப் போறீங்களா?" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சுழற்றிக்கொண்டிருந்த கரலாக்கட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள். சதை, கொழுப்பு, அடுப்பு என்று சுபேதார் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது சந்தேகமாகக் கேட்டது. அம்மாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு, முட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு சொன்னார்: "சரி மாஸ்டர், நீங்க சொல்றபடியே அவிச்சுத் தர்றேன். ஆனா இவரை ஷெட்டுல உக்கார வெச்சாங்கன்னா, தினம் காலைல கொண்டாந்து உங்க வாசல்ல உக்கார வெச்சுட்டுப் போயிடுவேன்."

பலகையைப் படித்த பாய்

காதர் பாய் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை நடையில் ஒரு மிதப்பு. எனக்கு உடனே சந்தேகம். "சாப்பிட்டீங்களா பாய்?" என்றேன். "அல்ஹம்துலில்லா, திருப்தியா" என்றார். மச்சான் வீட்டில் கல்யாண விருந்து, பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு நேரே வந்திருந்தார். குனிய முடியவில்லை. நிமிர்ந்தால் ஏப்பம். எங்கே வாந்தி எடுத்து மறுபடியும் விழுவாரோ என்று அவர் பின்னாலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் பயிற்சியே வேண்டாம் என்று ஸ்டூலில் உட்கார வைத்து விசிறினேன். கோபத்தை அடக்கிக்கொண்டு, "பலகையைப் பார்க்கலையா பாய்?" என்றேன். அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்துச் சொன்னார்: "வெறும் வயிறு கூடாதுன்னுதானே மாஸ்டர் போட்டிருக்கீங்க? நெறஞ்ச வயிறு கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?"

ஜங்ஷன் மெஷின்

என்னிடம் எடை பார்க்கும் கருவி கிடையாது. அதனால் எல்லோரும் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நிற்கும் மெஷினுக்குத்தான் போவார்கள். ஏறி நின்று காசைப் போட்டால் விளக்குகள் சுழலும், கடகடவென்று சத்தம், ஒரு சின்ன அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். அந்த மெஷினைப் போல் என் நிம்மதியைக் கெடுத்த பொருள் வேறு இல்லை.

வேலாயுதத்துக்கு அது தினப்படி வேலை. டியூட்டி முடிந்து இறங்கியதும் கரி படிந்த கையோடு போய் ஏறிவிடுவார். முதல் மாதம் எடை கொஞ்சம் இறங்கியது. இரண்டாம் மாதம் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு நாள் சற்றே ஏறியும் விட்டது. அட்டையை நீட்டினார், முகத்தில் ரத்தமே இல்லை. "பெல்ட்டைப் பாருங்க, எவ்வளவு உள்ளே தள்ளிப் போடறீங்க. கொழுப்பு போற எடத்துல சதை ஏறுது, அதனால மெஷின்ல தெரியலை. முன்னே தண்டால் ஒண்ணுக்கே மூச்சு வாங்கினீங்க, இப்ப பாருங்க" என்றேன். அது உண்மைதான். ஆனால் மெடிக்கலில் டாக்டர் பெல்ட்டையா பார்ப்பார்? அந்த நினைப்பு எனக்கு வந்த அதே நேரத்தில் அவருக்கும் வந்தது என்று கண்ணிலேயே தெரிந்தது. பேச்சை மாற்ற அட்டையைத் திருப்பினேன். 'நினைத்த காரியம் கைகூடும்' என்று இருந்தது. "பாருங்க, நல்லதாத்தானே போட்டிருக்கு" என்றேன். வேலாயுதம் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மாஸ்டர், முன்னாடி இருக்கிற எடை பொய்யின்னா, பின்னாடி இருக்கிற ஜோசியமும் பொய்யாத்தானே இருக்கும்?"

கோர்ட்டில் அமைதி

டபேதார் மாணிக்கம் கோர்ட்டில் ஜட்ஜுக்குப் பின்னால் வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையுமாக நிற்கிறவர். பட்டை தொப்பையைச் சுற்றி வராமல் போனதால் என்னிடம் வந்தார். சொன்னதை அப்படியே செய்கிற மனிதர். அதுதான் ஆபத்து. ஒரு கைப்பிடி கடலை என்றால், அவர் கைப்பிடி என் கைப்பிடிக்கு இரண்டு மடங்கு.

ஒரு நாள் மத்தியானம் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். காலையில் கடலையைத் தின்று, பயிற்சி செய்து, மேற்கொண்டு பயறையும் தின்றுவிட்டுக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். சொத்து வழக்கு, ஜட்ஜ் ஏதோ படித்துக்கொண்டிருக்கிறார், ஈ பறந்தால் கேட்கும் அமைதி. மாணிக்கத்தின் வயிற்றில் இடி உருண்டது. பல்லைக் கடித்தார், பெருமாளை வேண்டினார், முடியவில்லை. 'அய்யோ, வேலை போயிற்றா?' என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அன்னம்மாள்தான் நிதானமாக, "கடலையை இனிமே பச்சையாத் திங்காதீங்க. வேக வெச்சு, இஞ்சியும் பெருங்காயமும் போட்டு, கொஞ்சமாச் சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொடுத்தாள். "அப்புறம் என்னதான்யா ஆச்சு?" என்று நான் கத்தினேன். மாணிக்கம் பட்டையைச் சரிசெய்துகொண்டு பதில் சொன்னார்: "நல்ல வேளை மாஸ்டர், ஜட்ஜ் ஐயா பிரதிவாதி வக்கீலைத்தான் மொறைச்சுப் பாத்தாரு."

பிரசாதம்

ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தவர் சம்பத். உற்சவத்தில் பெருமாளின் பல்லக்கைத் தோளில் சுமக்கிறவர். பரம்பரையாக அவர்கள் குடும்பத்துக்கு அந்தக் கைங்கர்யம். ஸ்ரீரங்கத்தில் பல்லக்கைச் சும்மா தூக்கிக்கொண்டு நடந்துவிட முடியாது. அதற்கென்று ஒரு நடை உண்டு, எல்லோருடைய காலும் ஒன்றாகப் போக வேண்டும். போன உற்சவத்தில் சம்பத்துக்கு மூச்சு முட்டி ஒரு அடி பிசகிவிட்டது. பெருமாள் லேசாக அசைந்தாராம். அன்று முதல் அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. 'இன்னொரு தடவை இப்படி ஆனா, ஓரமா நின்னு சேவிச்சுண்டாப் போதும்னு கோவில்ல சொல்லிட்டா' என்றபோது அவர் கண் கலங்கியது.

வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து சம்புடத்தில் பயறு கொண்டுவருவார்; பயிற்சி முடிந்ததும் பஸ் ஏறிப் போய் வீட்டில் பாலும் கெட்டித் தயிரும் பருப்பும். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் உடம்பு அசையவில்லை. நோண்டிக் கேட்டதில், கைங்கர்யம் முடிந்ததும் கிடைக்கிற பிரசாதம் தெரிய வந்தது. நெய் சொட்டும் சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, மறுபடியும் பொங்கல். அதைக் குறையுங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்? நானோ மாதா கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவன். சொன்னால் அவர் மனம் புண்படுமோ, சொல்லாவிட்டால் பல்லக்கே கைவிட்டுப் போய்விடுமோ என்று இரண்டு நாள் தவித்தேன். பிறகு, "சாமி, ஒரு வாய் மட்டும் வாங்கிக்கிட்டு மிச்சத்தை யாருக்காவது குடுத்துடலாமா?" என்று பயந்து பயந்து கேட்டேன். சம்பத் சம்புடத்தை மூடினார். கடைசியில் சொன்னார்: "நீங்க சொல்றதை அடியேன் ஒத்துண்டேன் மாஸ்டர். பெருமாள் ஒத்துக்கணுமே!"

வாத்து முட்டை

வேலாயுதத்தின் மெடிக்கல் நெருங்கிய சமயம் பார்த்துக் கோழிகளுக்கு நோய் வந்தது. பாலக்கரையில் கூடை கூடையாகச் செத்தன. முட்டை விற்கிறவள் வெறுங்கையை விரித்தாள். கடலை, பயறு, வேர்க்கடலை எல்லாம் இருந்தன. அவற்றை வைத்தே சமாளித்திருக்கலாம். ஆனால் வேலாயுதத்துக்கு அந்த முட்டையில் ஒரு பிடிப்பு விழுந்துவிட்டது. முட்டை இல்லாத நாள் தண்டாலில் பாதியிலேயே படுத்துவிடுவார்.

அன்னம்மாள் காட்டூர்ப் பக்கம் அறுவடையான வயல்களில் வாத்து மேய்க்கிறவர்களைத் தேடிப் போனாள். வெயிலில் நடந்து, சேற்றுக் காலோடு, மடி நிறைய வாத்து முட்டை கொண்டுவந்தாள். அவித்து உரித்துத் தட்டில் வைத்தால் வேலாயுதம் தொடவில்லை. சூடா, குளிர்ச்சியா, வாயுவா என்று ஆயிரம் கேள்வி. "புரோட்டீன் எல்லாம் ஒண்ணுதான்" என்று தைரியமாகச் சொன்னேன். உள்ளுக்குள், ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைக் கலக்கிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கும் கலக்கம்தான். ஒருவழியாகக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை விழுங்கினார். தண்ணீர் குடித்தார். கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "டாக்டர் முன்னாடி போய் நிக்கறப்ப நடை மாறிடாதே மாஸ்டர்?"

விளக்கெண்ணெய்

மெடிக்கல் அன்று பொன்மலைக்குச் சைக்கிளில் போனேன். டாக்டர் அறைக்கு எதிரே வேப்பமரத்தடியில் வள்ளியம்மை ஜெபம் செய்கிறவர் போல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வேலாயுதம் உள்ளே போயிருந்தார். "நல்லா சாப்பிட்டுத்தானே வந்தாரு?" என்றேன். அம்மாள் கண்ணைத் திறந்தார், அழுதுகொண்டிருந்தார். "நேத்து முழுக்கப் பட்டினி மாஸ்டர். விளக்கெண்ணெய் வேற குடிச்சிருக்காரு. கடைசி நேரத்துல எடை கொறையும்னு யாரோ சொன்னாங்களாம். எனக்கே காலைலதான் தெரியும்." மாதக்கணக்கில் சேர்த்த பலத்தை ஒரே நாளில் கரைத்துவிட்டு உள்ளே நிற்கிறார் மனுஷன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஸ்டூலில் ஏறி இறங்கச் சொன்னார்களாம், கண் இருட்டிவிட்டது. நாடியும் சரியில்லை, கையும் நடுங்கியது. டாக்டர் கோபக்காரர், ஆனால் நியாயஸ்தர். 'எஞ்சின் ஓட்டறவன் கை நடுங்கினா, எடையைப் பார்த்து நான் என்னய்யா பண்றது? சாப்பிட்டுட்டு அடுத்த வாரம் வா' என்று அனுப்பிவிட்டார். அந்த ஒரு வாரம் வள்ளியம்மை அவரைக் கண்ணை எடுக்காமல் காவல் காத்தார். காலையில் பயறு, லேசான பயிற்சி, முட்டை, அரைச் சோறு, கீரை. நான் தினமும் போய்ப் பார்த்தேன். ஆறுதல் சொல்லவா, ஆறுதல் தேடவா என்று எனக்கே தெரியாது.

மறுவாரம் டாக்டர் ஸ்டூலில் ஏறி இறங்கச் சொன்னார். வேலாயுதம் ஏறி இறங்கி, கையை நீட்டி, நடுக்கமில்லாமல் நின்றார். மெஷின் கணக்கில் எடை பெரிதாகக் குறையவில்லை. டாக்டர் இடுப்பை அளந்தார், பழைய அளவைப் பார்த்தார், நாடியை மறுபடி பிடித்தார். எஞ்சினிலேயே இருக்கலாம், ஆனால் இன்னும் குறைய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். வேலாயுதம் வேப்பமரத்தடிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வள்ளியம்மைதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்: "மிச்சத்தையும் நீங்களே கொறைச்சுடுங்க மாஸ்டர், இந்த மனுஷனை நம்பி எதையும் விட முடியாது."

சித்திரை வீதியில்

சம்பத்துக்குச் சோதனை பங்குனி உற்சவத்தில் வந்தது. அவர் தோள் கொடுக்க வேண்டிய புறப்பாடு ஏகாதசியன்று. ஏகாதசியில் அவருக்குத் தீர்த்தத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. வெறும் வயிற்றோடு ஒருவர் பஸ்கி போடுவதையே தடுத்து வைத்திருக்கிற நான், வெறும் வயிற்றோடு பல்லக்குச் சுமக்கப் போகிறவரிடம் என்ன சொல்ல முடியும்? "முந்தின நாள் பயறும் பாலும் தயிரும் நெறைய எடுத்துக்குங்க சாமி. அன்னிக்குக் காலைல பயிற்சி வேண்டாம்" என்றேன். அதற்கு மேல் எனக்கும் வழி தெரியவில்லை.

சாயங்காலம் நானும் அன்னம்மாளும் போய்ச் சித்திரை வீதியில் ஒரு வளையல் கடை ஓரமாக நின்றோம். நாயனச் சத்தம் நெருங்கியது. பல்லக்கு திரும்பியது. முன் கொம்பில் சம்பத். உதடு காய்ந்து வெளுத்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கால்கள் ஒன்றாக அடி வைத்தன. ஒவ்வொரு அடிக்கும் என் முழங்கால் தானாக மடங்கியது. அவர் மூச்சு விட்டால் நான் விட்டேன். அவர் அடக்கினால் நான் அடக்கினேன். எங்களுக்கு நேரே வந்தபோது அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் என்னவோ மாறியது. 'போச்சு' என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கால் பிசகவில்லை. பல்லக்கு அசையாமல் எங்களைத் தாண்டிப் போயிற்று.

வீதி முனையில் ஆள் மாற்றிக்கொண்டார்கள். சம்பத் ஒதுங்கி நின்று தோளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். "சாமி, நடுவுல ஏதோ ஆச்சே? மயக்கமா? நெஞ்சு வலியா?" என்றேன். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "பாரமே தெரியலை மாஸ்டர். உங்க மூஞ்சியைப் பார்த்தப்புறம்தான் அடியேனுக்குப் பயமே வந்தது!"

இப்படி என் கடலையையும் முட்டையையும் நம்பி வந்தவர்களில் பலர் இளைத்தார்கள், சிலர் இளைக்கவில்லை; அவர்களை நினைத்துக் கவலைப்பட்டே வருஷம் தவறாமல் இளைத்த ஒரே ஆள் நான்தான்.